நெருப்புக்கு அட்வான்ஸ்

பழைய புல்லட் ஓட்டியவர்களில் பாதிப் பேருக்காவது வலது கணுக்காலில் ஒரு கதை இருக்கும். என்னுடையது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. முதல் நாள் மாலை நானே உட்கார்ந்து டைமிங் வைத்திருந்தேன், அதாவது பிளக்கில் பொறி விழ வேண்டிய கணத்தை. சரியாகத்தான் வைத்தேன். வைத்து முடித்த பிறகு பாயிண்ட் இடைவெளி கொஞ்சம் குறைவாக இருப்பதுபோல் பட்டது. அதையும் அகலப்படுத்தி மூடியைப் போட்டு இறுக்கினேன். மறுநாள் கிக்கரை மிதித்தால், பாதி வழியிலேயே அது என் காலைத் தூக்கி மேலே எறிந்தது. செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நொண்டிக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போனேன். மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டைமிங் வெச்சதுக்கு அப்புறம் கேப்பைத் தொட்டீங்களா தம்பி?"

"ஆமாண்ணே, கொஞ்சமாத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

ரெண்டும் எப்படி ஒன்றாகும் என்று அவர் விளக்கவில்லை. கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிய இரண்டு மூன்று வருடம் ஆனது.

தீப்பொறி விழுந்ததும் பெட்ரோல் 'வெடிக்கிறது' என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்குள் எதுவும் வெடிப்பதில்லை, எரிகிறது. பிளக் முனையில் குண்டூசித் தலை அளவுக்குப் பிடிக்கும் தீ, பக்கத்தில் இருக்கும் கலவையைச் சூடாக்கி, அது தன் பக்கத்தைச் சூடாக்கி, இப்படி ஒரு மெல்லிய சுவர்போல நகர்ந்துபோகிறது. வைக்கோல் போரில் ஒரு மூலையில் பற்றிய தீ மறு மூலைக்குப் போவது மாதிரி.

அது மெதுவாகப் போகிறது என்பதுதான் விசேஷம். அசையாமல் நிற்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையில் தீச்சுவர் நகரும் வேகம் விநாடிக்கு அரை மீட்டருக்கும் கீழே. பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. அதைத் தீ இந்த வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 1000 சுற்று என்ற சோம்பலான ஐட்லிங்கிலேயே ஒரு முழுச் சுற்றுக்கு 0.06 விநாடிதான். அதாவது தீ பாதி தூரம் போவதற்குள் பிஸ்டன் கீழே போய்த் திரும்பி வந்துவிடும். இந்தக் கணக்குப்படி பெட்ரோல் எஞ்சின் என்று ஒன்று இருக்கவே முடியாது.

இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் உள்ளே நடக்கும் கலவரம். வால்வு வழியாகப் பாய்ந்து வரும் கலவை சுழன்று, மோதி, சுருண்டு, தீச்சுவரைக் கசங்கிய துணிபோல் மடித்துவிடுகிறது. மடிந்த சுவருக்குப் பரப்பு அதிகம். ஆகவே ஒரே நேரத்தில் எரியும் இடமும் அதிகம். வேகம் பல மடங்காகிறது. எரிந்து முடிய, முதலில் தீ ஊன்றிக்கொள்ளும் அவகாசத்தையும் சேர்த்தால், சுமாராக மூன்று மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளலாம். கண் இமைக்க ஆகும் நேரத்தில் ஒரு சிறு துண்டு.

மூன்று மில்லிவிநாடிதானே என்று விட முடியாது. 1000 சுற்று வேகத்தில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். 3000-இல் 54 டிகிரி. எரிந்த வாயுவின் அழுத்தம் உச்சத்தை எட்ட வேண்டிய இடமோ பிஸ்டன் உச்சியைக் கடந்து சுமார் 15 டிகிரியில். அங்கேதான் கனெக்டிங் ராடு கிராங்கைத் தள்ளுவதற்கு வாகாகச் சாய ஆரம்பித்திருக்கும், அழுத்தம் சிதறாத அளவுக்கு இடமும் சிறியதாக இருக்கும். சரியாக உச்சியில் அழுத்தம் ஏறினால் அது பேரிங்கைத்தான் நசுக்கும், கிராங்கைச் சுழற்றாது. ஆகவே உச்சிக்குப் பின் 15-இல் பலன் வேண்டுமானால், 3000 சுற்றில் உச்சிக்கு ஏறத்தாழ 35, 40 டிகிரி முன்பே, பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, தீ வைத்துவிட வேண்டும்.

இந்த முன்கூட்டிய பொறிக்குத்தான் மெக்கானிக்குகள் அட்வான்ஸ் என்கிறார்கள். வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் அதே சொல்தான். குடிபுகும் முன்பே கொடுத்தாக வேண்டும். எவ்வளவு என்பதில்தான் தகராறு.

இந்தத் தகராறு பெட்ரோல் எஞ்சின் அளவுக்கே பழையது. டைம்லரின் ஆரம்பகால எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயை பர்னர் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்குவார்கள். அமுங்கிய கலவை அந்தச் சூட்டைத் தொட்டதும் பற்றும். எப்போது பற்றும் என்பது அதன் இஷ்டம். வேகத்துக்கு ஏற்ப முன்னே பின்னே தள்ள வழியில்லாததால் அந்த எஞ்சின்கள் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளிலேயே திருப்திப்பட்டுக்கொண்டன. 1895-இல் பிரான்சில் தெ தியோன்-பூத்தோன் நிறுவனம் மூன்று சக்கர வண்டிக்காக ஒரு குட்டி எஞ்சினைக் கொண்டுவந்தது. 137 சி.சி., ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது. அதில் பேட்டரியும் காயிலும், எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் கான்டாக்ட் பிரேக்கரும் இருந்தன. ஓட்டுகிறவர் ஒரு நெம்புகோலால் அந்தக் கணத்தை நகர்த்தலாம். அது 1500 சுற்றையும் தாண்டிப் பறந்தது. நம் சாலைகளில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ஏதோ ஒரு வகையில் அந்தக் குட்டி எஞ்சினின் பேரன்தான்.

நெம்புகோல் வெகுகாலம் நீடித்தது. பழைய மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில்பாரிலேயே ஒன்று இருக்கும். உதைக்கும்போது பின்னே தள்ளி, வண்டி கிளம்பியதும் முன்னே இழுத்து, மேட்டில் மூச்சுத் திணறினால் மறுபடி பின்னே தள்ளி ஓட்டினார்கள். ஓட்டுகிறவரே கணக்குப் பிள்ளை. பிறகு அந்த வேலையை இரண்டு சிறு இரும்பு எடைகளிடம் கொடுத்துவிட்டார்கள். கான்டாக்ட் பிரேக்கரைத் தட்டும் கேம் தண்டோடு சேர்ந்து எடைகளும் சுழலும். வேகம் கூடக் கூட வெளியே விரிந்து, கேமைச் சில டிகிரி முன்னே திருப்பும். ஸ்பிரிங்குகள் பின்னே இழுக்கும். ஒரு வேகத்துக்கு மேல் விரியாமல் தடுப்பும் இருக்கும். ஏன் தடுப்பு? 5000 சுற்றில் மூன்று மில்லிவிநாடிக்கு 90 டிகிரி ஆகிறதே, அட்வான்ஸை இன்னும் கூட்ட வேண்டாமா? வேண்டாம். வேகம் கூடும்போது உள்ளே கலவரமும் கூடுகிறது, தீயும் கூடவே ஓடுகிறது. எஞ்சின் வேகத்தோடு தீயின் வேகமும் சேர்ந்து ஏறுவது இயற்கை நமக்குப் போட்ட பிச்சை. அது இல்லாவிட்டால் எந்தத் தடுப்பும் எந்த எடையும் உதவாது.

இனி புல்லட்டின் மூடியைக் கழற்றுவோம். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றி, திருவொற்றியூரில் பிறந்துகொண்டே இருந்த அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சினைத்தான் சொல்கிறேன். உள்ளே இரண்டு சிறு உலோகப் பொட்டுகள், ஒன்றோடொன்று முத்தமிட்டபடி. அதுதான் பாயிண்ட். வயதான மெக்கானிக்குகள் 'பிளாட்டினம்' என்பார்கள். ஆதியில் அந்தப் பொட்டுகளைப் பிளாட்டினத்தில்தான் செய்தார்கள். பிற்பாடு டங்ஸ்டனுக்கு மாறியும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பொட்டுகள் சேர்ந்திருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் நிறைகிறது. கேமின் மேடு வந்து ஒரு பொட்டைத் தூக்கியதும் ஓட்டம் அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது, காயிலின் இன்னொரு சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எகிறுகிறது, பிளக்கில் பொறி. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் செப்பம் செய்து 1910-இல் காடிலாக் கார்களுக்குக் கொடுத்த ஏற்பாட்டின் வழிவந்தது இது. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பாயிண்ட் சேரும்போது பொறி இல்லை, பிரியும்போதுதான்.

இப்போது மெக்கானிக்கின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். பொட்டுகளுக்கு இடையே இருக்கும் தூரத்தை நான் கூட்டினேன். கூட்டினால் தூக்கும் கட்டை கேமுக்கு இன்னும் நெருங்கி உட்கார்கிறது. மேட்டின் அடிவாரத்திலேயே தூக்கப்படுகிறது. பாயிண்ட் சீக்கிரம் பிரிகிறது. இடைவெளி கூடினால் அட்வான்ஸ் கூடும், குறைந்தால் குறையும். கேப்பைத் தொட்டவன் டைமிங்கையும் தொட்டுவிட்டான். அதனால்தான் முதலில் கேப், பிறகு டைமிங் என்ற வரிசை. அதைத் தலைகீழாகச் செய்ததற்குக் கணுக்கால் கொடுத்தது தண்டனை. காலால் உதைக்கும்போது கிராங்க் ஊர்ந்துதான் சுற்றும். ரொம்ப முன்னே பற்றிய தீ, பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே அழுத்தத்தை ஏற்றிவிட்டால், ஃப்ளைவீலுக்கு அதை மீறிப் போகத் தெம்பிருக்காது; திரும்பிச் சுற்றும். அரைமனதோடு உதைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்கும் அர்த்தம் இதுதான்.

பழைய புல்லட் 350-க்குச் சொல்லப்படும் அளவு, எடைகள் விரியாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் பிரிய வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில் 0.8 என்பது கிராங்க் கணக்கில் ஒன்பது பத்து டிகிரி. நகக்கண் அழுக்கு அளவு தூரத்தில் பத்து டிகிரி அடங்கியிருக்கிறது. இந்த வேலையின் கஷ்டமே அதுதான். உச்சியை நெருங்கும்போது பிஸ்டன் ஏறக்குறைய நின்றே விடுகிறது. கிராங்க் 3 டிகிரி தள்ளியிருந்தாலும் பிஸ்டன் இறங்கியிருப்பது 0.08 மி.மீ. மட்டுமே. பிளக் துளை வழியாக ஒரு ஸ்போக் கம்பியை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தை 'டாப்' என்று முடிவு செய்பவர் மூன்று நான்கு டிகிரியைக் காற்றில் விட்டுவிடுகிறார். போதாததற்கு புல்லட்டின் பிளக் துளை சாய்வானது. கம்பி காட்டுவதும் சாய்ந்த கணக்குத்தான்.

இதற்கு ஒரு நேர்த்தியான மாற்று உண்டு. பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும்படி ஒரு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, எஞ்சினை முன்பக்கம் மெல்லத் திருப்பி முட்டும் இடத்தில் ஒரு கோடு, பின்பக்கம் திருப்பி முட்டும் இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே உச்சி. பிஸ்டன் நிற்கும் இடத்தைத் தேடாமல் அது நகரும் இடத்தை அளப்பதால் பிழை சுருங்கிவிடுகிறது. டிகிரி குறித்த வட்டத்தகடு கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. முட்டுக்கட்டை இருக்கும்போது கிக்கரைத் தொடக் கூடாது. பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

பாயிண்ட் எந்தக் கணத்தில் பிரிகிறது என்று கண்டுபிடிக்க ஊர்ப்பக்கம் இரண்டு வழி. பொட்டுகளுக்கு நடுவே சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி, லேசாக இழுத்தபடியே எஞ்சினைத் திருப்பினால், பிரியும் கணத்தில் தாள் நழுவும். இன்னொன்று புல்லட்டுக்கே உரியது. ஹெட்லைட் மேல் உள்ள ஆம்மீட்டர். சாவியைப் போட்டால் பாயிண்ட் சேர்ந்திருக்கும்வரை முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பிரிந்ததும் நடுவுக்குத் துள்ளும். சார்ஜ் காட்ட வைத்த மீட்டரை டைமிங் கருவியாக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. நான்காவது கியரைப் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னோக்கி உருட்ட வேண்டும். முன்னோக்கி மட்டும். தாண்டிப் போய்விட்டால் நிறையப் பின்னே வந்து மறுபடி முன்னே வர வேண்டும்; இல்லாவிட்டால் பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்வு பொய் சொல்லும். முள் துள்ளும் இடம் முன்னே பின்னே இருந்தால், திருகுகளைத் தளர்த்திப் பாயிண்ட் தகட்டைச் சற்றே திருப்பலாம். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் தகட்டின் ஒரு டிகிரி கிராங்கில் இரண்டு டிகிரி. விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே நான்கு டிகிரிக்கு மேல் போய்விடும். தட்டித் தட்டி நகர்த்த வேண்டிய வேலை.

அட்வான்ஸ் கூட்டினால் பவர் கூடும் என்று ஒரு நம்பிக்கை பல காலமாக உலவுகிறது. அதில் பாதிதான் உண்மை. டைமிங்கை மாற்றிக்கொண்டே போய் இழுவையை அளந்தால் கிடைக்கும் வளைகோடு கூரான மலையுச்சி அல்ல, தட்டையான மேட்டு நிலம். சரியான இடத்திலிருந்து இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் இழுவையில் குறைவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான், சவாரியில் தெரியாது. ஆனால் அந்த மேட்டு நிலத்தின் ஒரு ஓரத்தில் பள்ளம் இருக்கிறது. ரொம்ப முன்னே போனால், தீச்சுவர் வந்து சேருமுன் மூலையில் நசுங்கிக் கிடக்கும் கடைசிக் கலவை தானாகவே, ஒரேயடியாகப் பற்றும். இதுதான் நாக்கிங், நாம் தேடிய வெடிப்பு கடைசியில் இங்கேதான் இருக்கிறது. உள்ளே எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660-இல் உருகும். பிஸ்டன் பிழைத்துக் கிடப்பது அதன் மேல் போர்வைபோல ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலத்தாலும், சூட்டை உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்ளும் சிலிண்டர் சுவராலும். நாக்கிங்கின் அழுத்த அலைகள் அந்தப் போர்வையை உரித்துவிடுகின்றன. சந்தேகம் வந்தால் ஒரு டிகிரி பின்னே வைப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தண்ணீர் சுற்றும் எஞ்சினுக்கு ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சூட்டை ஓரளவு ஒரே மட்டத்தில் வைக்கும். நம் எஞ்சினுக்கு விலா எலும்புகள்போலத் துருத்திய அந்தத் தகடுகளும் எதிர்க்காற்றும்தான் கதி. வால்பாறை போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில், பின்னால் ஒருவர், த்ராட்டில் முழுக்கத் திறந்து. வேகம் குறைவு, காற்றும் குறைவு, உள்ளே எரிவது மட்டும் அதிகம். சமவெளியில் சமர்த்தாக இருந்த டைமிங் பத்தாவது வளைவில் கூழாங்கல் குலுக்குவதுபோல் சத்தம் போட ஆரம்பிக்கும். மறுகோடியில், ரொம்பப் பின்னே வைத்தாலும் எஞ்சின் சூடாகும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். தாமதமாகப் பற்றிய தீ, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் முழுச் சூட்டோடு இருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தி சைலன்சர் வளைவைக் காய்ச்சப் போய்விடுகிறது. வளைவு நீலம் பாய்வதும், பிக்கப் செத்துப்போவதும், அதை ஈடுகட்ட நாம் இன்னும் த்ராட்டிலைத் திருகுவதும், பெட்ரோல் கணக்கு எகிறுவதும் அதன் அறிகுறி.

பாயிண்ட் வைத்த எஞ்சினின் டைமிங் தானாக நகர்வது பெரும்பாலும் இந்தத் தாமதத்தின் பக்கம்தான். கேமில் உரசும் கட்டை ஃபைபர். கிலோமீட்டர் ஓட ஓட அது தேய்கிறது. தேய்ந்தால் இடைவெளி குறைகிறது. குறைந்தால் டைமிங் பின்னே போகிறது. ஒரு நாளில் நடந்தால் கவனிப்போம். மாதக்கணக்கில் நூலிழை நூலிழையாக நடப்பதால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பாயிண்ட்டைச் சரிசெய்ததும் 'வண்டி புதுசு மாதிரி ஆயிடுச்சு' என்று வாடிக்கையாளர் சொல்வது முகஸ்துதி இல்லை. எதிர்ப்பக்கம் போக ஒரே ஒரு வழக்கமான காரணம்தான் உண்டு. அந்த இரும்பு எடைகள் துருவாலும் காய்ந்த கிரீஸாலும் விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொள்வது. அப்போது ஐட்லிங்கிலும் முழு அட்வான்ஸ் இருக்கும், கிக்கர் காலைத் தேடி வரும். தகட்டைத் திருப்பி இதைச் சரிசெய்யப் பார்ப்பது தலைவலிக்குக் காலில் தைலம் தடவுவது. எடைகளைக் கழுவி எண்ணெய் விட்டால் போதும்.

இப்போது வரும் வண்டிகளில் தேயும் கட்டையும் இல்லை, கருகும் பொட்டும் இல்லை. ஃப்ளைவீல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, வேகத்தையும் த்ராட்டிலையும் பார்த்து ஒரு சிப் முடிவு செய்கிறது. தேயாது, நகராது. அது மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாயிண்ட்டை எண்ணி உருகுபவர்கள் மழை நாளில் நடுரோட்டில் உப்புத்தாளால் அதைத் தேய்த்ததை மறந்துவிட்டார்கள்.

இன்னும் பாயிண்ட் வண்டியே வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல். கட்டை கேமைத் தொடும் இடத்தில் பட்டாணி அளவு அல்ல, கடுகளவு கிரீஸ் வையுங்கள்; அதிகமானால் தெறித்துப் பொட்டில் விழும். திருகை இறுக்கும்போது தகடு நழுவும், ஆகவே இறுக்கிய பிறகு ஆம்மீட்டர் முள்ளை இன்னொரு முறை பாருங்கள். பார்த்து முடித்ததும் சாவியை மறக்காமல் அணையுங்கள். பாயிண்ட் சேர்ந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காயில் கைபொறுக்காத சூட்டில் இருக்கும், பேட்டரியும் இறங்கிக்கொண்டிருக்கும்.